இருமினால் நீர் கசிகிறது, பயிற்சியும் செய்தாயிற்று: டேப்பா, சொந்தத் தசையுறையா, பர்ச்சா?

தாலுகா_ஓஜி:

வணக்கம். ஒரு நோயாளிக்கு எதைச் சொல்லி அனுப்புவது என்று கேட்கிறேன்.

46 வயது, இரண்டு சுகப்பிரசவம், கட்டட வேலையில் சித்தாள். இருமினாலும் தும்மினாலும் சிமெண்ட் சட்டியைத் தலைக்கு ஏற்றினாலும் நீர் கசிகிறது. வேலை நாளில் மூன்று தடவை துணி மாற்றுகிறார். அடக்க முடியாமல் ஓடுகிற தொந்தரவு மாதத்துக்கு ஒன்றிரண்டு முறைதான். அடியிறக்கம் (கர்ப்பப்பையோ பிறப்புறுப்புச் சுவரோ கீழே இறங்குவது) இல்லை. யூரின் கல்ச்சரில் கிருமி இல்லை. சிறுநீர் கழித்தபின் ஸ்கேனில் மிச்சம் 30 மி.லி. சிறுநீர்ப்பையில் 300 மி.லி. நிரப்பி இருமச் சொன்னேன்: இருமும் அதே நொடியில் பீய்ச்சியது, இருமல் நின்றதும் நின்றது. யூரெத்ரா (சிறுநீர் வெளிவரும் குழாய்) நன்றாக அசைகிறது. எடை 68 கிலோ, உயரம் 152 செ.மீ. மூன்று மாதம் கீகல் பயிற்சி (இடுப்படித் தசைகளைச் சுருக்கி விடுவது) செய்திருக்கிறார். குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை. இனி குழந்தை வேண்டாம் என்கிறார்.

அனுப்பிய இரண்டு இடங்களில் இரண்டு பதில். ஒருவர் டிஓடி (யூரெத்ராவுக்கு அடியில் தொடை வழியாக வைக்கும் மெஷ் டேப்) என்கிறார், மற்றவர் மெஷ்ஷே (செயற்கை வலை) வேண்டாம், வயிற்றுத் தசையுறையில் ஸ்லிங் (தாங்கும் பட்டை) போடலாம் என்கிறார். போதாக்குறைக்கு லண்டனில் இருக்கும் நாத்தனார் போன் செய்து "அங்கே மெஷ்ஷைத் தடை பண்ணிட்டாங்க" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா பயந்துபோயிருக்கிறார்.

என் கேள்விகள்: இவருக்கு எது பொருந்தும், ஏன்? யூரோடைனமிக்ஸ், அதாவது சிறுநீர்ப்பை அழுத்தத்தை அளக்கும் சோதனை, கட்டாயமா (இயந்திரம் இருக்கும் ஊருக்குப் போக ஒரு நாள் கூலி போகும்)? மெஷ் தடை என்பது எவ்வளவு உண்மை? எங்கள் பக்கம் பழைய ஆட்கள் இன்னும் கெல்லி தையல் போடுகிறார்கள், அது போதாதா?

யூரோகைனக்_கோவை:

மேடம், கேள்வியிலேயே பாதி வேலையை முடித்துவிட்டீர்கள். இருமும் நொடியில் பீய்ச்சி, இருமல் நின்றதும் நின்றால் அது அழுத்தக் கசிவு. இருமி இரண்டு மூன்று நொடி கழித்து ஆரம்பித்து நிற்காமல் வந்தால் அது சிறுநீர்ப்பை தானாகச் சுருங்குவது. அதற்கு ஸ்லிங் போட்டால் நிலைமை மோசமாகும்.

யூரோடைனமிக்ஸ் இவருக்குத் தேவையில்லை. 2012ல் அமெரிக்காவில் வந்த வேல்யூ ஆய்வில் 630 பெண்கள். இவரைப் போலவே கசிவு கண்ணால் பார்த்து உறுதியானவர்கள், மிச்ச நீர் 150க்குக் கீழே. யூரோடைனமிக்ஸ் செய்த குழுவில் ஓராண்டு வெற்றி 76.9 சதவீதம், வெறும் பரிசோதனையோடு அறுவைக்குப் போனவர்களில் 77.2. வித்தியாசமே இல்லை. முன்பே கசிவுக்கு அறுவை செய்தவர், அடியிறக்கம் உள்ளவர், மிச்ச நீர் அதிகம் உள்ளவர், அவசரக் கசிவே மேலோங்கியவர் என்றால் மட்டும் அனுப்புங்கள்.

இனி டேப். சுருக்கமாக இயங்குமுறை: தோட்டத்து ரப்பர் குழாயைக் கெட்டித் தரையில் வைத்து மிதித்தால் தண்ணீர் நிற்கும், சேற்றில் வைத்து மிதித்தால் நிற்காது. டிலான்சி சொன்ன உவமை இது. பிரசவத்தில் தளர்ந்த தாங்குதளம்தான் அந்தச் சேறு. டேப் யூரெத்ராவை நெரிப்பதில்லை; இருமும்போது அது வந்து சாய ஒரு கெட்டித் தளம் கொடுக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் இந்த அறுவையில் நடக்கும் தப்புகளில் பாதி புரிந்துவிடும். இறுக்கிக் கட்டினால் கூடுதல் பலன் கிடைக்கும் என்று நினைத்து இழுக்கிறவர்களிடம்தான் சிறுநீர் அடைப்பு வருகிறது.

உல்ம்ஸ்டென் 1996ல் வெளியிட்டது டிவிடி. (படம் பார்க்கிற டிவிடி இல்லை என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.) டேப் பிறப்புறுப்பில் நுழைந்து, பூப்பெலும்புக்குப் பின்னால் ஏறி, அடிவயிற்றுத் தோலில் வெளியே வரும். டிஓடி 2001ல் டெலோர்ம் கொண்டுவந்தது. டேப் அடிவயிற்றுக்கு ஏறாமல் பக்கவாட்டில் இடுப்பெலும்பின் ஆப்டுரேட்டர் துளை வழியாகத் தொடையின் உள்மடிப்பில் வெளிவரும். சிறுநீர்ப்பையில் குத்துப்படாமல் இருக்கத்தான் அந்தப் பாதை.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது டோமஸ் ஆய்வு, 2010, 597 பெண்கள். 12 மாதத்தில் பரிசோதனைப்படி வெற்றி டிவிடி வழியில் 80.8 சதவீதம், டிஓடி வழியில் 77.7. வெற்றியை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது என்றுதான் அர்த்தம். தொல்லைகளில்தான் வித்தியாசம். சிறுநீர் போகாமல் மறு அறுவை தேவைப்பட்டது டிவிடி வழியில் 2.7 சதவீதம், டிஓடியில் ஒருவர்கூட இல்லை. சிறுநீர்ப்பையில் குத்தியது டிவிடி வழியில் 15 பேருக்கு, டிஓடியில் யாருக்கும் இல்லை. நரம்புத் தொந்தரவு மட்டும் தலைகீழ்: டிவிடி 4.0, டிஓடி 9.4.

இவருக்கு நான் டிவிடி சொல்வேன். காரணம் அவருடைய வேலை. டிஓடி டேப் தொடையை உட்பக்கம் இழுக்கும் அடக்டர் தசைகளுக்கு ஒட்டியே போகிறது. நாள் முழுக்கக் குந்தி எழுந்து, சாரத்தில் ஏறி இறங்குகிற ஒருவருக்குத் தொடை இடுக்கு வலி வந்தால் அது கூலியைத் தொடும். பலருக்குச் சில வாரங்களில் அடங்கும். அடங்காதவருக்கு டேப்பை எடுக்க வேண்டுமென்றால், பிறப்புறுப்புப் பகுதியை எடுப்பது ஒரு வேலை, தொடைக்குள் இருக்கும் கைகளை எடுப்பது இன்னொரு பெரிய வேலை. பூப்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் டேப்பை லேப்ராஸ்கோப்பில் அணுகலாம். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் 2019லேயே டிஓடியை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், பூப்பெலும்புக்குப் பின்னால் போகக் கூடாத நிலையில் மட்டும் பாருங்கள் என்று எழுதிவிட்டது.

நாத்தனார் சொன்னதற்குப் பதில்: பாதி உண்மை. 2018 ஜூலையில் இங்கிலாந்தில் கசிவுக்கான மெஷ்ஷை நிறுத்திவைத்தார்கள். மொத்தமாகச் சட்டத் தடை இல்லை. கடுமையான நிபந்தனைகளோடு கூடிய நிறுத்தம். 2020ல் கம்பர்லெஜ் அறிக்கை பெண்களின் புகார்களை வருடக்கணக்கில் காதில் வாங்காமல் விட்டதைப் பதிவு செய்தது. அமெரிக்காவில் 2019 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தச் சொன்னது அடியிறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் பெரிய மெஷ்ஷை. கசிவுக்கான டேப் அதில் சேரவில்லை. இரண்டும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்தான், ஆனால் இது சுமார் 1.1 செ.மீ. அகல நாடா, அது உள்ளங்கை அளவு வலை. இதை அந்த அம்மாவிடம் ஒரு துண்டு நாடாவைக் கையில் கொடுத்தே விளக்குங்கள். "தடையெல்லாம் ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்" என்று மட்டும் மூடி மறைக்காதீர்கள். நாளைக்கு வலி வந்தால் உங்களிடம் திரும்பி வர மாட்டார்.

யூரோ_நெல்லை:

மேடத்தோடு பெரும்பகுதி ஒத்துப்போகிறேன், ஒரு இடத்தைத் தவிர. மெஷ் பற்றிப் பயந்துபோய் உட்கார்ந்திருப்பவருக்கு மெஷ்ஷைச் சமாதானப்படுத்தி வைப்பதைவிட, மெஷ் இல்லாத வழி என்னென்ன கேட்கும் என்பதைத் திறந்து சொல்லிவிட்டு அவரையே தேர்ந்தெடுக்க விடலாம்.

சொந்தத் தசையுறை ஸ்லிங்: பிகினி கோட்டில் வெட்டு, வயிற்று நேர்தசையின் உறையிலிருந்து 8 முதல் 10 செ.மீ. நீளம், 1.5 முதல் 2 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை. கொழுப்பைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, இரு முனையிலும் கரையாத நூல். நாங்கள் 1 எண் ப்ரோலீன் போடுகிறோம். பட்டையை உப்பு நீரில் போட்டு வைத்து, பிறப்புறுப்பில் வெட்டி, யூரெத்ராவின் மேல்பாதியிலும் பிளாடர் (சிறுநீர்ப்பை) கழுத்திலும் இடம் பிரிக்க வேண்டும். டேப் நடு யூரெத்ராவில், இது பிளாடர் கழுத்தில். இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள். ஊசி மேலிருந்து கீழே, விரல் நுனி வழிகாட்ட, எலும்பை உரசிக்கொண்டே வர வேண்டும். சிஸ்டோஸ்கோப்பில் (சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் கருவி) பார்த்தாக வேண்டும். பிறகு நூல்களைத் தசையுறைக்கு மேல் முடிச்சிடும்போது முடிச்சுக்குக் கீழே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். வயிற்றை மூடிய பிறகு முடிச்சிடுங்கள். முன்பே முடிச்சிட்டு, அப்புறம் உறையைத் தைத்தால் ஸ்லிங் இழுபட்டு இறுகிவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

இதன் விலை என்ன? 2007ல் வந்த சிஸ்டர் ஆய்வு (வார்டு சிஸ்டர் இல்லை, ஆய்வின் பெயரே அது) 655 பெண்களில் தசையுறை ஸ்லிங்கையும், பிளாடர் கழுத்தைத் தையலால் தூக்கிக் கட்டும் பர்ச் அறுவையையும் ஒப்பிட்டது. இரண்டு ஆண்டில் அழுத்தக் கசிவு நின்றது ஸ்லிங்கில் 66 சதவீதம், பர்ச்சில் 49. ஆனால் சிறுநீர் கழிப்பதில் சிரமம் 14 சதவீதம், பர்ச்சில் 2. அடைப்பைத் தளர்த்த மறுபடி அறுவை செய்தவர்கள் 19 பேர், அத்தனை பேரும் ஸ்லிங் குழுவில். ஆகவே அறுவைக்கு முன்னாலேயே சுயமாகக் கத்தீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) போடக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும். கற்க மாட்டேன் என்கிறவருக்கு இந்த அறுவையை நான் செய்வதில்லை.

சித்தாள் வேலைக்கு இன்னொரு கணக்கு: வயிற்று உறையை அறுத்தெடுத்த இடம் ஆற நாளாகும். மூன்று மாதம் சட்டி தூக்கக் கூடாது, தூக்கினால் குடலிறக்கம். அந்த மூன்று மாதக் கூலியை யார் கொடுப்பார்கள் என்று கேட்காமல் செய்யும் சிபாரிசு பாதிச் சிபாரிசு. வயிற்றில் தழும்பு அதிகம் இருந்தால் தொடைப் பக்க உறையையும் எடுக்கலாம், அப்போது வலி காலுக்குப் போகும்.

மெஷ் போடவே கூடாத இடங்களும் உண்டு, அங்கே தசையுறை ஒன்றுதான் வழி. யூரெத்ராவில் பை போன்ற டைவெர்டிகுலம், ஃபிஸ்டுலா (சிறுநீர் வழிக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே விழும் ஓட்டை) சரிசெய்யும்போது, கதிர்வீச்சு வாங்கிய இடம், பழைய மெஷ் துருத்திக்கொண்டு எடுக்கப்பட்டவர், டேப் வைக்கும்போது யூரெத்ராவே கிழிந்துவிட்டால். கிழிந்த யூரெத்ராவின் மேல் மெஷ் வைத்தால் அரித்துக்கொண்டு உள்ளே வரும். அன்றைக்கு மூடிவிட்டு வந்துவிடுங்கள்.

தாலுகா_ஓஜி:

மிகவும் நன்றி சார், மேடம். பர்ச் பற்றியும் கெல்லி பற்றியும் யாராவது? பிறகு, ஊசி மூலம் ஜெல் போடுகிறார்களே, அதைக் கேட்டால் இந்த அம்மா உடனே சரி என்பார். மறுநாளே வேலைக்குப் போகலாம் அல்லவா?

யூரோகைனக்_கோவை:

கெல்லியை முதலில் முடித்துவிடுவோம். ஹவர்ட் கெல்லி நூறு வருடத்துக்கு முன் செய்தது. பிளாடர் கழுத்துக்குக் கீழே இருக்கும் திசுவை மடித்துத் தைப்பார்கள். தளர்ந்த திசுவையே இழுத்துத் தைப்பதால் சில மாதங்கள் தாங்கும், பிறகு விட்டுவிடும். கர்ப்பப்பையைப் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும்போது "அப்படியே ஒரு கெல்லியும் போட்டுவிட்டேன்" என்று எழுதி அனுப்புவது இன்னும் நடக்கிறது. முன்பக்க அடியிறக்கம் இருந்தால் அதை சரிசெய்யுங்கள், அது தனிக் கணக்கு. கசிவுக்கு அதை ஒரு மருத்துவமாகச் சொல்லாதீர்கள். எம்எம்கே, ஊசி சஸ்பென்ஷன் போன்ற பழைய தூக்கிக் கட்டும் அறுவைகளும் இதே பட்டியல்தான்.

பர்ச் அப்படி இல்லை, மரியாதைக்குரிய அறுவை. 1961ல் வந்தது, மெஷ் பிரச்சினைக்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றிருக்கிறது. பூப்பெலும்புக்குப் பின்னால் ரெட்சியஸ் இடத்தைத் திறந்து, பிளாடர் கழுத்திலிருந்து 2 செ.மீ. தள்ளிப் பிறப்புறுப்புச் சுவரில் ஒரு பக்கத்துக்கு இரண்டு கரையாத தையல், அதை அதே பக்கத்து கூப்பர் தசைநாரில் (பூப்பெலும்பின் மேல் ஓடும் கெட்டி நார்) கட்டுவது. இடது கை விரல் பிறப்புறுப்பினுள் இருந்து சுவரைத் தூக்கிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஊசி சிறுநீர்ப்பையை மேயும். நூலை எலும்புவரை இழுத்துக் கட்டக் கூடாது; இடையில் நூல் பாலம் போல நின்றாலே போதும். இழுத்துக் கட்டினால் சிறுநீர் அடைக்கும், பிறப்புறுப்பின் முன்சுவர் தூக்கப்பட்டுப் பின்பக்கம் திறந்துகொண்டு சில வருடங்களில் குடல் இறக்கமாகத் தொங்கும். லேப்ராஸ்கோப்பில் செய்யலாம், ஆனால் தையல் பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டும். இரண்டு தையலுக்குப் பதில் ஒரு தையலோடு திருப்திப்பட்டால் பலன் குறைகிறது.

வயிற்றைத் திறந்து வேறொரு அறுவை செய்யப்போகிறவர், மெஷ் வேண்டாம் என்பவர், ஆனால் தசையுறை எடுக்க வயிறு ஒத்துவராதவர்: பர்ச்சுக்கு அவர்கள்தான் பொருத்தம். யூரெத்ராவே அசையாமல், அதன் மூடும் தசை பலவீனமாக இருந்தால் பர்ச் செய்து பயனில்லை. தூக்கிக் கட்ட அங்கே என்ன இருக்கிறது?

யூரோ_நெல்லை:

ஜெல் பற்றி நான் சொல்கிறேன். புல்காமிட் என்பது 2.5 சதவீதம் பாலிஅக்ரிலமைட், மீதி தண்ணீர். யூரெத்ரோஸ்கோப் வழியாக பிளாடர் கழுத்துக்குச் சற்றுக் கீழே, உட்சவ்வுக்கு அடியில், மூன்று நான்கு இடத்தில் சுமார் 1.5 முதல் 2 மி.லி. மொத்தமாக. நான்கு மெத்தைகளும் நடுவில் தொட்டுக்கொள்ள வேண்டும். மரத்துப்போகும் ஊசி போதும், பத்து பதினைந்து நிமிட வேலை. ஆழமாகக் குத்தினால் ஜெல் தசைக்குள் போய் வீணாகும், மெத்தை எழும்பாது. மேலோட்டமாகக் குத்தினால் சவ்வு வெளுத்துக் கிழிந்து வெளியே கொட்டும். மெத்தை எழும்பும்போதே ஊசியை நகர்த்தாமல் மெதுவாகச் செலுத்த வேண்டும்.

ஆனால் டேப்புக்கு ஈடா என்றால், இல்லை. ஹெல்சின்கியில் செய்த ஒப்பீட்டில் 224 பெண்கள். ஓராண்டில் திருப்தி டிவிடியில் 95 சதவீதம், ஜெல்லில் 59.8. டிவிடியில் தொல்லைகள் அதிகம் என்பதும் அதே ஆய்வில்தான். சிலருக்கு இரண்டாம் ஊசி தேவைப்படும், ஆண்டுகள் போகப் போகப் பலன் தேயும். 46 வயதில் இன்னும் 15 வருடம் பாரம் தூக்கப்போகிறவருக்கு முதல் மருத்துவமாக இதைச் சொல்ல எனக்குக் கை வராது. மயக்க மருந்து தாங்காதவர், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை நிறுத்த முடியாதவர், ஒரு டேப் போட்டும் கொஞ்சம் கசிகிறவர், இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்: இவர்களுக்கு அருமையான மருந்து. ஊசிக்குப் பிறகு சிறுநீர் வராவிட்டால் தடித்த ஃபோலியை (சிறுநீர்ப்பைக்குள்ளேயே தங்கும் கத்தீட்டர்) வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். குழாயைச் சுற்றி ஜெல் அச்செடுத்து நசுங்கிவிடும். 10 அல்லது 12 ஃப்ரெஞ்ச் அளவு மெல்லிய குழாயைப் போட்டு, வடித்து, எடுத்துவிடுங்கள்.

மினி ஸ்லிங் பற்றியும் கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரே வெட்டு, வெளியே வராத குட்டி டேப். 2022ல் வந்த இங்கிலாந்து சிம்ஸ் ஆய்வில் 596 பெண்கள், மூன்று வருடத்தில் பலன் வழக்கமான டேப்புக்குக் குறையவில்லை. ஆனால் உடலுறவில் வலி 11.7 சதவீதம், வழக்கமான டேப்பில் 4.8. மெஷ் துருத்தியது 3.3, அங்கே 1.9. 46 வயதில் கணவரோடு வாழ்கிறவர் என்றால் இந்தக் கணக்கை அவர் முன் வைக்காமல் ஒப்புதல் வாங்காதீர்கள்.

இடுப்பு_பிசியோ:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "மூன்று மாதம் கீகல் செய்தார்" என்பது எனக்குப் போதவில்லை. யாராவது விரல் வைத்துப் பரிசோதித்தார்களா? தாளில் படம் பார்த்துச் செய்கிறவர்களில் நிறையப் பேர் தசையை மேலே இழுப்பதற்குப் பதில் முக்கிக் கீழே தள்ளுகிறார்கள். அது கசிவை வளர்க்கும் பயிற்சி. பிட்டம், தொடை, வயிற்றை இறுக்குவதும் கணக்கில் வராது. ஒரு வேளைக்குக் குறைந்தது 8 சுருக்கம், நாளைக்கு மூன்று வேளை. சிலவற்றை 8 முதல் 10 நொடி பிடிக்க வேண்டும், சிலவற்றைச் சட்டென்று. இருமுவதற்கு ஒரு நொடி முன்னே சுருக்கிப் பிடிப்பதைத் தனியாகப் பழக்க வேண்டும். சட்டியைத் தூக்கும்போது மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே தூக்கச் சொல்லுங்கள்.

பயிற்சி அறுவைக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. 2013ல் நெதர்லாந்தில் 460 பெண்களில் செய்த ஆய்வில் ஓராண்டு முன்னேற்றம் அறுவையில் 90.8 சதவீதம், பிசியோவில் 64.4, பிசியோ குழுவில் ஏறக்குறையப் பாதிப்பேர் பின்னால் அறுவைக்கே போனார்கள். ஆனால் மறுபாதி போகவில்லை, பாருங்கள். எடையும் பேசவேண்டும்: 2009ன் பிரைட் ஆய்வில் உடல் எடையில் 8 சதவீதம் குறைத்தவர்களுக்கு வாரக் கசிவுகள் 47 சதவீதம் குறைந்தன, அவ்வளவு குறைக்காத ஒப்பீட்டுக் குழுவில் 28. இவருக்கு 8 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ. அறுவைக்கு நாள் குறித்துவிட்டே இதைத் தொடங்கலாம்.

யூரோகைனக்_கோவை:

பிசியோ சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஒரு தடவை கையால் பரிசோதித்துவிட்டு, சரியாகச் செய்தும் கசிகிறது என்றால் டிவிடிக்குப் போகலாம்.

செய்யும் இடத்தில் என்ன கவனிக்க வேண்டும் என்று தாலுகா மேடம் கேட்டிருப்பார், கேட்கவில்லை, ஆனால் பிறகு அவரிடம்தான் நோயாளி திரும்பி வருவார். ஆகவே படிகள்:

சிறுநீர்ப்பையைக் காலி செய்து, ஃபோலிக்குள் கெட்டிக் கம்பி செலுத்தி, ஊசி போகும் பக்கத்துக்கு எதிராக யூரெத்ராவை ஒதுக்க வேண்டும். முதல் வெட்டு சிறுநீர்த் துளையிலிருந்து 1 செ.மீ. கீழே, 1 முதல் 1.5 செ.மீ. நீளம். அட்ரினலின் கலந்து நீர்த்த மரப்பு மருந்தைச் செலுத்தினால் இடம் பிரியும், இரத்தமும் குறையும். மேலே பூப்பெலும்பின் மேல்விளிம்பில் நடுக்கோட்டிலிருந்து 2 செ.மீ. இருபக்கமும் அரை செ.மீ. கீறல். ஊசி முனை எலும்பின் பின்புறத்தை உரசிக்கொண்டே ஏற வேண்டும். எலும்பை விட்டு விலகினால் சிறுநீர்ப்பை. வெளிப்பக்கம் சாய்ந்தால் தொடைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய். வயிற்றில் முன்பே அறுவை செய்தவருக்குக் குடல் அந்த இடத்தில் ஒட்டியிருக்கலாம், அது இன்னொரு ஆபத்து.

இரண்டு பக்கமும் குத்திய பிறகு, டேப்பை இழுக்கும் முன்னே, 250 முதல் 300 மி.லி. நிரப்பி 70 டிகிரி சிஸ்டோஸ்கோப்பில் பார்த்தே ஆக வேண்டும். குறிப்பாகப் பக்கவாட்டு மேல்பகுதி, 1 மணி, 11 மணி இடங்கள். காலியான பையில் மடிப்புக்குள் ஊசி ஒளிந்துவிடும். ஊசி தெரிந்தால் பயப்படாதீர்கள்: வெளியே எடுத்து, மறுபடி சரியாகக் குத்தி, மறுபடி பார்த்து, ஃபோலியை ஓரிரண்டு நாள் கூடுதலாக வைத்தால் ஆறிவிடும். பார்க்காமல் விட்டதுதான் ஆபத்து. அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதம் கழித்துத் திரும்பத் திரும்பக் கிருமியும் இரத்தமும் வரும், உள்ளே டேப்பின் மேல் கல் வளர்ந்திருக்கும்.

கடைசியில் டேப்புக்கும் யூரெத்ராவுக்கும் நடுவில் கத்தரிக்கோல் முனையையோ 8 எண் ஹேகர் கம்பியையோ வைத்துவிட்டுத்தான் டேப்பைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையை உருவ வேண்டும். உறையை உருவும்போது டேப் இன்னும் கொஞ்சம் இறுகும்; அந்த இடைவெளி அதற்காகத்தான். தோலுக்கு அடியில் முனைகளை வெட்டிவிட்டால் போதும், எங்கும் கட்ட வேண்டாம். உராய்வே பிடித்துக்கொள்ளும்.

வார்டு_சிஸ்டர்:

எங்கள் பக்கத்து வேலையைச் சொல்கிறேன். கத்தீட்டர் எடுத்துவிட்டு "போனாங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "போச்சு" என்றுதான் சொல்வார்கள். அளந்து பார்க்க வேண்டும். எடுக்கும் முன் ஃபோலி வழியாக 300 மி.லி. உப்பு நீர் ஏற்றி, ஃபோலியை எடுத்து, உடனே பெட்பானில் இல்லாமல் கழிவறையில் உட்கார வைத்துப் போகச் சொல்லுங்கள். 200 அல்லது அதற்கு மேல் வந்தால் தேறியது. வரவில்லையென்றால் சிறிய கத்தீட்டரோடு வீட்டுக்கு அனுப்பி, சில நாட்களில் மறுபடி இதே சோதனை. போகும் போது முக்கச் சொல்லாதீர்கள். புதிதாகப் போட்ட டேப் அழுத்தத்தில்தான் மூடும். முக்க முக்க அடைக்கும். கொஞ்சம் முன்னே குனிந்து, தளர்ந்து உட்கார்ந்தால் வரும். மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே மருந்து வேண்டும்.

நாலு வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, ஆறு வாரம் உடலுறவு கூடாது. ஒரு குடம் தண்ணீர் 10 கிலோவுக்கு மேல் என்று சொல்லிக் கொடுத்தால்தான் அவர்களுக்கு அளவு புரிகிறது. "பாரம் தூக்காதீங்க" என்றால் "தூக்கலையே, தண்ணிதானே எடுத்தேன்" என்பார்கள்.

யூரோகைனக்_கோவை:

சிஸ்டர் சொன்னது மிகச் சரி. இதற்குத் தொடர்ச்சி: ஒரு வாரம், பத்து நாளுக்குப் பிறகும் அடைப்பு நீடித்தால் காத்திருக்க வேண்டாம். அதற்குள் திசு டேப்புக்குள் முழுதாக வளரவில்லை; அதே வெட்டைத் திறந்து டேப்பைக் கீழே ஒரு செ.மீ. இழுத்துத் தளர்த்தலாம், கசிவும் பெரும்பாலும் திரும்பாது. மாதங்கள் ஓடிவிட்டால் இழுக்க முடியாது, வெட்டத்தான் வேண்டும். வெட்டினால் சிலருக்குக் கசிவு திரும்பும். மாதக்கணக்கில் "சரியாகிவிடும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டு, சிறுநீர்ப்பையின் தசை தளர்ந்த பிறகு அனுப்பிவைக்கிறார்கள், அதுதான் வேதனை.

அறுவைக்குப் பிறகு புதிதாக அவசரமும் அடிக்கடி போவதும் வந்தால் உடனே மாத்திரை எழுதாதீர்கள். மூன்றைப் பாருங்கள்: கிருமி, மிச்ச நீர், சிஸ்டோஸ்கோப்பில் பைக்குள் டேப். மூன்றும் இல்லையென்றால்தான் மாத்திரை. வெள்ளைப்படுதலோடு இரத்தக்கறை, அல்லது கணவருக்குக் குத்துகிறது என்றால் டேப் துருத்தியிருக்கிறது. விரலால் தடவினாலே சுரசுரப்பாகத் தெரியும்.

தாலுகா_ஓஜி:

அந்த அம்மாவிடம் இன்று பேசினேன். பிசியோ சொன்னது போல் விரல் வைத்துப் பார்த்தேன்: கீழேதான் தள்ளிக்கொண்டிருந்தார். திருத்திக் கொடுத்திருக்கிறேன், எட்டு வாரம் கழித்து மீண்டும் இருமல் சோதனை. நின்றால் நல்லது, இல்லையென்றால் டிவிடிதான் வேண்டும் என்கிறார். மூன்று மாதம் வேலையை விட முடியாது என்பதால் தசையுறை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

யூரோ_நெல்லை:

நல்லது மேடம். டேப் போட்டால் ஒரு வேலை மட்டும் மறக்காமல் செய்யச் சொல்லுங்கள்: டேப் டப்பாவில் இருக்கும் ஸ்டிக்கரை, நிறுவனப் பெயரும் லாட் எண்ணும் உள்ளதை, டிஸ்சார்ஜ் அட்டையிலேயே ஒட்டி, எந்த வழியாக வைத்தது என்று தமிழில் எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் யாராவது எடுக்க வேண்டி வந்தால், பூப்பெலும்புக்குப் பின்னால் தேடுவதா தொடைக்குள் தேடுவதா என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.